தசையின் புளிப்பு: லாக்டிக் அமிலத்தின் மேல் விழுந்த பழியும் அதன் வரலாறும்

400 மீட்டர் ஓட்டத்தின் கடைசி நூறு மீட்டரில் தொடை கல்லாய்க் கனக்கும், எரியும். 'லாக்டிக் ஆசிட் ஏறிவிட்டது' என்பார் பயிற்சியாளர். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது கால் வலித்தாலும் அதே அமிலத்தின் பெயர்தான் அடிபடும். இந்த விளக்கம் எப்படிப் பிறந்தது, ஏன் இத்தனை காலம் நின்றது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தசைக்குள் எந்தக் காலத்தில் எதை அளக்க முடிந்ததோ, அதன் மேலேயே பழி விழுந்தது என்பது என் முடிபு.

சுவீடன் நாட்டு மருந்தாளர் ஷீலே 1780இல் புளித்த பாலிலிருந்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதனால்தான் பாலின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. 1807இல் பெர்சீலியஸ் அதை இறைச்சிச் சாற்றிலும் கண்டார். உழைத்த தசையில் அது மிகுந்திருக்கும் என்று அவர் நம்பியதாகப் பின்வந்தோர் எழுதிவைத்தனர். 1859இல் பெர்லினில் து புவா-ரேமோன், ஓய்விலிருந்த தசை நடுநிலையில் இருப்பதையும் களைத்த தசை அமிலமாவதையும் காட்டினார். உழைப்பு, அமிலம், களைப்பு மூன்றும் அப்போதே ஒரே முடிச்சில் விழுந்துவிட்டன.

ஆனால் தசையில் அமிலம் எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். தசையை வெட்டி அரைக்கும் செயலே அமிலத்தை உண்டாக்கியதுதான் காரணம். அளக்கும் கையே அளவைக் கெடுத்தது. கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும் 1907இல் இதற்கு வழி கண்டனர். தவளையின் கால் தசையை முன்னதாகவே நன்கு குளிரவைத்து, பனிபோல் குளிர்ந்த ஆல்கஹாலுக்குள் போட்டு அங்கேயே நசுக்கினார்கள். வேதிவினை தொடர அவகாசமே கிடைக்கவில்லை. ஓய்விலிருந்த தசையில் லாக்டிக் அமிலம் மிகச் சொற்பம், வேலை செய்த தசையில் ஏராளம், களைத்த தசையை ஆக்சிஜனில் வைத்தால் அது குறைகிறது என்று முதன்முறையாக உறுதிப்பட்டது. இந்த ஆய்வின் நேர்த்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்த நேர்த்தியே அடுத்த தலைமுறையை வழிதவறவும் வைத்தது. ஜெர்மானிய உடலியலாளர் மேயர்ஹோஃப், தசையில் சேமிக்கப்பட்ட மாவுச்சத்தான கிளைக்கோஜனிலிருந்தே லாக்டிக் அமிலம் வருகிறது என்று நிறுவினார். ஆங்கிலேய உடலியலாளர் ஏ.வி. ஹில் தசை வெளியிடும் வெப்பத்தை அளந்தார். 1922க்கான நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அன்றைய கோட்பாட்டில் லாக்டிக் அமிலம் களைப்பின் கழிவு மட்டுமல்ல, தசையைச் சுருங்கவைக்கும் பொறியும் அதுதான்.

கோட்பாட்டை ஆட்டிய சான்று பாஸ்டனிலிருந்து வந்தது. பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923இல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், ஹார்வர்டில் ஃபிஸ்க்குடன் சேர்ந்து பாஸ்பரஸை அளக்கும் முறையொன்றை 1925இல் வெளியிட்டார். மாதிரியில் பாஸ்பேட் எவ்வளவோ, கரைசலில் அவ்வளவு நீலம் ஏறும். தசைச் சாற்றில் மட்டும் அந்த நீலம் உடனே ஏறாமல் நேரம் செல்லச் செல்லக் கூடிக்கொண்டே போனது. ஏதோ ஒன்று மெல்ல உடைந்து பாஸ்பேட்டை விடுவிக்கிறது என்று இருவரும் ஊகித்தனர். அந்த ஏதோ ஒன்றுதான் பாஸ்போகிரியாட்டின், 1927. தசை வேலை செய்தால் அது குறைந்தது, ஓய்வில் மீண்டும் சேர்ந்தது. அதே காலத்தில் லண்டனில் எகிள்டன் தம்பதியும் தவளைத் தசையில் அதைக் கண்டிருந்தனர். நிறம் ஏறச் சற்றுத் தாமதமானதைப் பிழை என்று ஒதுக்கியிருந்தால் இந்தக் கதையே வேறு.

1930இல் கோபன்ஹேகனின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலமே உண்டாகாதபடி தசையை அயோடோஅசிட்டிக் அமிலத்தால் நஞ்சூட்டினார். தசை அப்போதும் சில காலம் சுருங்கியது. குறைந்தது பாஸ்போகிரியாட்டின். பொறி வேறிடத்தில் இருந்தது. ஹில் பழைய கோட்பாட்டைக் கட்டிக்கொண்டு அழவில்லை. இந்த மாற்றத்தைத் 'தசை உடலியலில் புரட்சி' என்று தலைப்பிட்டே 1932இல் அவர் எழுதினார்.

பொறி என்ற பட்டம் போனது, நஞ்சு என்ற பட்டம் நின்றது. கடும் உழைப்பில் மனிதத் தசையின் பி.எச். 7.0இலிருந்து ஏறக்குறைய 6.5க்கு இறங்குவது உண்மை. ஆனால் லாக்டிக் அமிலத்தின் பி.கே.ஏ., அதாவது அதில் பாதி பிரிந்திருக்கும் பி.எச்., சுமார் 3.9. தசையின் பி.எச்.சில் அது ஏறத்தாழ முழுவதும் லாக்டேட்டாகவும் புரோட்டானாகவும் பிரிந்தே இருக்கும். 2004இல் ராபர்க்ஸும் உடன் ஆய்ந்தோரும் இன்னும் ஒரு படி சென்றனர். பைருவேட் லாக்டேட்டாக மாறும் வினை ஒரு புரோட்டானை உட்கொள்கிறது, அமிலம் வருவது தசையின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. உடைவதிலிருந்து என்றனர். எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. குளுக்கோஸ் உடைவதையும் அதில் உண்டாகும் ஏ.டி.பி. செலவாவதையும் சேர்த்துக் கூட்டினால், இரண்டு லாக்டேட்டுக்கு இரண்டு புரோட்டான்கள் என்றே வரவு நிற்கும். லாக்டேட் அமிலத்தன்மையின் மூலமா என்பதில் வாதம் ஓயவில்லை. அது அமிலத்தன்மையின் நம்பகமான அடையாளம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அமிலத்தன்மைதான் களைப்பா? 1951இல் லண்டனில் மக்கார்டில் விவரித்த நோயில் தசையால் தன் கிளைக்கோஜனை உடைக்க முடியாது. உழைத்தாலும் இரத்தத்தில் லாக்டேட் ஏறாது. அப்படியும் நோயாளிகள் விரைவில் களைத்து, தசைப்பிடிப்பில் துடிக்கிறார்கள். குளிர்ந்த தசை நாரில் அமிலம் விசையைப் பெரிதும் குறைத்த பழைய சோதனைகளை, 1995இல் முயல் தசை நாரில் 30 டிகிரி வெப்பத்தில் செய்துபார்த்தபோது அந்த விளைவு வெகுவாகச் சுருங்கிவிட்டது. பாஸ்போகிரியாட்டின் உடையும்போது குவியும் பாஸ்பேட்டின் மேல்தான் இப்போது பலரது கவனமும்.

மறுநாள் வலிக்கான விடை 1983இலேயே கிடைத்துவிட்டது. ஓட்டப்பொறியில் 45 நிமிடங்கள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சமதளத்தில் ஓடியபோது இரத்தத்தில் லாக்டேட் ஏறியது, பின்னர் குறிப்பிடத்தக்க வலி இல்லை. இறக்கத்தில் ஓடியபோது லாக்டேட் குறிப்பிடும்படி ஏறவில்லை. வலி வந்ததோ அதற்குப் பிறகுதான்.