பூசினிக்காய்ச் சூப்பின் முன்கதை

போன நோன்பு தொடங்க ரெண்டு கிழமைக்கு முந்தி எங்கட கூட்டத்தில ஒரு பேச்சு வந்தது. எல்லாரும் சேர்ந்து நோன்பு திறக்கிற அன்றைக்கு கஞ்சியோட வேற என்ன வைக்கலாம்? ஒருத்தி சொன்னாள், "பூசினிக்காயச் சுட்டு, தேங்காய்ப்பால் விட்டு, மொழுமொழு என்று ஒரு சூப் வைப்போம்." யூடியூப்பில் பார்த்தாளாம். நாங்க ஓம் என்றோம். வீட்டுக்குப் போய்ச் சொன்னதுக்குப் பிறகுதான் பிரச்சினை தொடங்கிச்சு.

ஒரு உம்மா சிரிச்சிட்டு, "பூசினிக்காய்ல சூப்பா? வீட்டில ஆருக்கு வயித்துக்குச் சரியில்ல?" என்று கேட்டா. இன்னொரு வீட்டில ஒரு காக்கா, "இது வெள்ளைக்காரன்ட சாப்பாடு, அறுகம்பே ஹோட்டல்ல சேர்ஃபிங் வாறவங்களுக்கு வைக்கிறது" என்றார். மூன்றாவது வீட்டில நேரெதிர்: நபிகளாருக்குப் பிடிச்ச மரக்கறி பூசணிதான், சுன்னத்தான சாப்பாடு, கட்டாயம் வையுங்க என்று வட்ஸ்அப்பில் வந்த செய்தியை எங்களுக்கே அனுப்பி வெச்சாங்க. ஒரே காய் ஒரு வீட்டில நோயாளிச் சாப்பாடு, ஒரு வீட்டில அந்நியன், ஒரு வீட்டில சுன்னத். சரி, இந்தக் காய் உண்மையில எங்க இருந்து வந்தது என்று தேடிப் பார்ப்போம் என்று இருந்தோம். தேடினது சூப்பை விடப் பெரிசாப் போச்சு.

முதல்ல அந்த வட்ஸ்அப் செய்தி. அதுக்குப் பின்னால இருக்கிற ஹதீஸ் உண்மையானது. அனஸ் (ரலி) அறிவிக்கிறது, புகாரியில் இருக்கு. ஒரு தையல்காரர் நபிகளாரை விருந்துக்குக் கூப்பிடுறார். வாற்கோதுமை ரொட்டியும், 'துப்பா' என்ற காயும் காயவெச்ச இறைச்சியும் போட்ட ஆணமும் வைக்கிறார். நபிகளார் தட்டைச் சுத்தித் தேடித் தேடி அந்தக் காயை எடுத்துச் சாப்பிட்டதைப் பார்த்த அனஸ், அன்றிலிருந்து தனக்கும் அதில் விருப்பம் வந்ததாகச் சொல்றார். கவனிச்சீங்களா, அதுவும் ஒரு சூப்தான். விருந்துக்கு வெச்சது ஒரு தையல்காரர், பெரிய பணக்காரர் இல்ல.

ஆனா 'துப்பா' எங்கட மஞ்சள் பூசினிக்காயாக இருக்க வழியே இல்ல. இங்கிலீஷ் மொழிபெயர்ப்புகள் சிலதில் அந்தச் சொல்லுக்கு பூசணி என்று போட்டிருக்காங்க, குழப்பம் அங்கிருந்துதான் வருது. ஏழாம் நூற்றாண்டு மதீனாவில் இருந்தது சுரைக்காய். யூனுஸ் நபியின் கதையில் குர்ஆன் சொல்ற 'யக்தீன்' கொடியையும் உரையாசிரியர்கள் பலர் சுரை என்றே விளக்குறாங்க. சுரை ஆபிரிக்காவில் பிறந்து பல ஆயிரம் வருசத்துக்கு முந்தியே ஆசியா முழுக்கப் பரவின கொடி. மஞ்சள் பூசணி அப்ப கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்கக் கண்டத்தில மட்டும்தான் இருந்தது. அரபு நாட்டில ஒருத்தரும் அதைக் கண்டிருக்க முடியாது.

அந்தக் கண்டத்தில் அது ரொம்பப் பழைய பயிர். மெக்சிக்கோவின் ஒஹாக்கா மாநிலத்தில் கிலா நாக்கீட்ஸ் என்று ஒரு குகை இருக்கு. அங்க கிடைச்ச பூசணி விதைகளை புரூஸ் ஸ்மித் என்ற தொல்லியலாளர் ஆராய்ஞ்சு 1997ல் வெளியிட்டார். வயசு சுமார் 10,000 வருசம். சோளத்தை விட, அவரையை விட முந்தி அந்த மக்கள் பூசணியை வீட்டுப் பயிராக்கிட்டாங்க. அது வேறொரு பூசணி இனம். எங்கட சந்தையில் கிடைக்கிறது பெரும்பாலும் அதன் சொந்தக்காரன், குக்குர்பிட்டா மொஸ்காட்டா, வெப்ப நாட்டுக்குச் சரிவாற இனம். வெளிநாட்டுச் சூப் செய்முறையில் எல்லாம் வருதே 'பட்டர்நட்' என்று ஒரு காய், அதுவும் இதே மொஸ்காட்டாதான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1940களில் உருவாக்கினது. அதால பட்டர்நட் கிடைக்கல்ல என்று நீங்க கவலைப்பட ஒண்டும் இல்ல. கல்முனைச் சந்தையில் வெட்டி வெச்சிருக்கிற துண்டு அதை விட மூத்தது.

'குளிர்காலப் பூசணி' என்ற பேர் எங்களுக்கும் முதல்ல விளங்கல்ல. குளிரில் காய்க்கிறது என்று நினைச்சோம். அப்படியில்ல. நல்லா முத்தவிட்டு, தோல் கடினமானதும் பறிச்சு, குளிர்காலம் முழுக்க வெச்சுச் சாப்பிடலாம் என்றதால வந்த பேர். எங்கட உம்மம்மாமார் முழுக் காயைக் கட்டிலுக்கு அடியில உருட்டி வெச்சிருந்ததும் இதுக்குத்தான். மாரியில கடல் கொந்தளிச்சி மீன் இல்லாமப் போற நாளில் கட்டிலுக்கு அடியில இருக்கிறது கைகொடுக்கும்.

இது இங்க எப்படி வந்து சேர்ந்தது? தமிழ்நாட்டில இந்தக் காய்க்கு இருக்கிற பேரைப் பாருங்க: பறங்கிக்காய். பறங்கி என்றா ஐரோப்பியன், முதல்ல போர்த்துக்கீசன். அரபிகள் ஐரோப்பியர்களைக் குறிக்கப் பாவிச்ச 'பிரஞ்சி' என்ற சொல்தான் கடல்வழி வந்து எங்கட வாயில பறங்கியாச்சு. மட்டக்களப்பில் போர்த்துக்கீச வழித்தோன்றல்களை இன்றைக்கும் பறங்கியர் என்றுதான் சொல்றோம். 'பூசணி' என்ற பேர் அதுக்கு முந்தியே இங்க இருந்தது. அது சாம்பல் பூத்த நீற்றுப் பூசணிக்குரிய பேர். புதுசா வந்த மஞ்சள் காய் பழைய காயின்ட பேரை வாங்கிக்கொண்டது. தமிழ்நாட்டுக்காரர் வந்த கப்பலை ஞாபகம் வெச்சாங்க, நாங்க மறந்திட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மிளகாயிலும் இதே கதை இருக்கு. அதுவும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர், போர்த்துக்கீசர் கொண்டுவந்தது. நாங்க அதைக் கொச்சிக்காய் என்றுதான் சொல்றோம், கொச்சித் துறைமுகத்தின் பேரைச் சுமந்துகொண்டு. ஒவ்வொரு ஆணத்திலும் அது இருக்கு. அதை ஒருத்தரும் வெள்ளைக்காரன்ட சாப்பாடு என்று சொன்னதில்ல.

போர்த்துக்கீசர் 1505ல் இலங்கைக்கு வந்தாங்க. அவங்க வரும்போது மேற்குக் கரையில் வியாபாரம் முஸ்லிம்களின் கையில் இருந்தது. அடுத்த நூறு வருசம் அந்த வியாபாரத்தைப் பறிக்கிற சண்டைதான். 1626ல் தங்கட ஆட்சிக்குட்பட்ட இடங்களில் இருந்து முஸ்லிம்களை வெளியேத்தினாங்க. கண்டி அரசன் செனரத் அவங்களுக்கு இடம் கொடுத்து, சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேத்தினார் என்று போர்த்துக்கீசப் பாதிரியார் குவேறோஸ் எழுதி வெச்சிருக்கார். அந்தக் கால மட்டக்களப்பு என்றா இன்றைய அம்பாறைக் கரையும் சேர்த்துத்தான், அம்பாறை தனி மாவட்டமானது 1961லதான். இதை வெச்சு "நீங்க 1626ல வந்தவங்க" என்று முடிவு கட்டவும் ஏலாது. அதுக்கு முந்தியே இந்தக் கரையில் முஸ்லிம்கள் இருந்தாங்க. வந்தவங்க ஏற்கனவே இருந்தவங்களோட சேர்ந்தாங்க.

யோசிச்சுப் பாருங்க. போர்த்துக்கீசரால துரத்தப்பட்ட ஆக்களும், போர்த்துக்கீசர் கொண்டுவந்த காயும் ஏறத்தாழ ஒரே காலப்பகுதியில் இந்த மண்ணில வேர்விட்டிருக்கு. இன்றைக்கும் மேடையில் ஏறி "நீங்க எங்க இருந்து வந்தீங்க?" என்று எங்களைக் கேட்கிறவங்க இருக்காங்க. அவங்க வீட்டு மத்தியானச் சோத்திலும் பூசினிக்காய்க் கறி இருந்திருக்கும். அதிட்ட ஆரும் கேட்டதில்ல.

காய் மட்டும் இல்ல, சமைக்கிற இடத்தின் பேரையும் அவங்க விட்டுட்டுத்தான் போனாங்க. குசினி போர்த்துக்கீசச் சொல். தாச்சி, பாண், போறணை, எல்லாம் அப்படித்தான். குசினியில தாச்சி வெச்சு, போறணையில சுட்ட பாணோட பூசினிக்காய்ச் சூப் குடிச்சா, அந்த வசனத்தில் எங்கட சொல் எத்தனை என்று எண்ணிப் பாருங்க. எங்களில ஒருத்தனுக்கு இது பெரிய கவலையாப் போச்சு. மத்தவங்களுக்கு இல்ல. முந்நூறு வருசத்துக்கு மேல வாயில புழங்கின சொல்லை இனி ஆருக்குத் திருப்பிக் கொடுக்கிறது?

ஹெய்ட்டியின் கதையையும் சொல்லாம விட மனமில்ல. பிரான்ஸின் குடியேற்றமாக இருந்த காலத்தில் அங்க ஆபிரிக்க அடிமைகள்தான் பூசணியைப் பயிரிட்டாங்க, அவங்கதான் எசமான்களுக்குச் சூப் வெச்சாங்க. அவங்க குடிக்கக் கூடாது. 1791ல் கிளர்ச்சி தொடங்கிச்சு. 1804 ஜனவரி 1ந் திகதி சுதந்திர நாடானதும் எல்லாரும் அந்தச் சூப்பைக் குடிச்சாங்க. 'சூப் ஜூமு' என்று பேர். இன்றைக்கும் வருசத்தின் முதல் நாள் ஒவ்வொரு ஹெய்ட்டி வீட்டிலும் அது கொதிக்கும். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. வெள்ளைக்காரன்ட சாப்பாடு என்று சொன்ன காக்காவுக்கு இதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "அவங்க மாட்டிறைச்சி போடுவாங்களா?" என்று கேட்டார். போடுவாங்க. "அப்ப சரி."

இனிச் சூப்புக்கு வருவோம். முத்தின காயாகப் பாருங்க, உள்ளுக்கு ஆழ்ந்த செம்மஞ்சளா இருக்க வேணும். ஒன்றரைக் கிலோ, தோலோட பெரிய துண்டுகளா வெட்டி, விதையை எடுத்து வேறா வையுங்க. அவிக்காமச் சுடுறதுதான் முக்கியம். அவிச்சா தண்ணி ஏறும். சுட்டா இருக்கிற தண்ணி வெளியேறி இனிப்பு இறுகும், விளிம்பு கருகி ஒரு வாசம் வரும். வீட்டில அவன் இருந்தா 200 பாகையில் முக்கால் மணித்தியாலம். எங்களுக்கு அது இல்ல. சிரட்டைக் கரியில தோல் பக்கம் கீழ இருக்க வெச்சுச் சுட்டுப் பார்த்தோம், ருசி நல்லம், அரைவாசி கருகிப் போச்சு. கடைசியில தெருமுனைப் பேக்கரிக்குப் போனோம். பாண் சுட்டு முடிஞ்சும் விறகுப் போறணையில சூடு மிஞ்சியிருக்கும். ளுஹருக்கு முந்தி உள்ளுக்கு வெச்சி, அசருக்கு எடுத்தோம். ஒரு முழு வெள்ளப்பூடும் பத்துச் சின்ன வெங்காயமும் தோலோட கூடவே வெந்திருந்தது.

சதையைக் கரண்டியால சுரண்டி எடுத்து, வெங்காயம், பூடு உரிச்சுப் போட்டு, ஒரு துண்டு கறுவா, ரம்பை, மிளகோட இரண்டாம் பாலில கொஞ்சம் கொதிக்க விடுங்க. கறுவாவையும் ரம்பையையும் எடுத்திட்டு அரையுங்க. கடைசியில முதல் பால். அதுக்குப் பிறகு கொதிக்க விடக் கூடாது, பால் திரைஞ்சி போகும். வெளிநாட்டுச் செய்முறையில பசுப்பால் கிரீம் வரும். 2022ல பால்மாவுக்கும் கேஸுக்கும் வரிசையில நின்ற ஆக்களுக்கு அந்தச் சொல்லே கசக்கும். தேங்காய்ப்பால் போதும். தேங்காயும் இப்ப மலிவில்ல, அது வேறு கதை.

சில செய்முறைகள் சூப் தடிப்பாக வர சோளமா கரைச்சி ஊத்தச் சொல்லும். நாங்க ஊத்தல்ல. பூசினிக்காய் தானே தடிப்பானது, அது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கு. ஆணத்தில் மாவு கட்டிபட்டா என்ன நடக்கும் என்று இந்த மாவட்டத்தில எங்களுக்குத் தெரியும். 2018 பெப்ரவரி 26ந் திகதி இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில, ஆணத்துக்குள்ள கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, பிள்ளை பிறக்காமல் இருக்க மாத்திரை போட்டிருக்கீங்க என்று சண்டை தொடங்கிச்சு. கூட்டம் சூழ்ந்து நின்று கேட்க, சிங்களம் சரியா விளங்காத கடைக்காரர் தலையாட்டினார். அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவிச்சு. கடை உடைஞ்சது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு பரிசோதிச்சுச் சொன்னார்: அது வெறும் மாவுப்பொருள். ஆனா அதுக்கிடையில மார்ச் மாதம் திகனையும் பத்தியெரிஞ்சிருந்தது. அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே இல்ல என்று டொக்டர்மார் எத்தனை தரம் சொன்னாங்க. இருந்தும் சில கடைகளில இன்றைக்கும் ஆணத்தை ஒரு தரம் கலக்கிப் பார்த்துத்தான் பரிமாறுறாங்க. நாங்களும் அன்றைக்குச் சூப்பை வடிகட்டித்தான் வெச்சோம். ஏன் என்று ஒருத்தரும் கேட்கல்ல.

விதையைக் கழுவி, வெயிலில காயவெச்சி, தாச்சியில உப்புப் போட்டு வறுத்து மேல தூவினோம். சின்னப் பிள்ளைகள் சூப்பை விட்டுட்டு விதையைத்தான் கேட்டாங்க. வயித்துக்குச் சரியில்லையா என்று கேட்ட உம்மா ரெண்டு கோப்பை குடிச்சா. கஞ்சிக்கு இது ஈடில்ல என்றும் சொன்னா. போறணை தந்த பேக்கரிக் காக்காவுக்கு ஒரு சட்டி கொடுத்தனுப்பினோம். அடுத்த நாள் சட்டியைக் கழுவி, ரெண்டு பாண் வெச்சித் திருப்பி அனுப்பியிருந்தார். உப்புக் கொஞ்சம் குறைவாம்.