சிமா ஒகோரி: மைதான் தத்தெடுத்த நைஜீரியர்

பிள்ளைச்சாவடியில் கடல் அரித்தது போக மிஞ்சிய மணலில், மாலை வேளைகளில் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். அவர்கள் பனியன்களின் முதுகில் ஆப்பிரிக்கப் பெயர்களும் தென்படுவதுண்டு. ஒரு காலத்தில் புதுச்சேரியும் செனகலும் ஒரே பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பிவந்தன என்று சொன்னால் அவர்கள் நம்பப்போவதில்லை. செனகல் உறுப்பினர் பிளேஸ் தியாஞ்சின் மகன் ரவுல் 1931இல் பிரான்ஸ் அணிக்காக ஆடினார். அவ்வணியின் முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர்தான். ஆனால் நம் நாட்டில் ஒரு மேற்கு ஆப்பிரிக்க இளைஞர் மீது மக்கள் பித்துக் கொண்ட கதைக்கு, பிரெஞ்சு இந்தியாவை விட்டுக் கொல்கத்தாவுக்குத்தான் போகவேண்டும்.

சிமா ஒகோரி இந்தியாவுக்கு வந்தது பந்தாட அல்ல, படிக்க. அன்றைய கழகங்கள் பல்கலைக்கழகங்களில் படித்த அயல்நாட்டு மாணவர்களிடையேதான் ஆட்டக்காரர்களைக் கண்டெடுத்தன. 1980இல் ஈஸ்ட் பெங்காலை மயக்கிய ஈரானியர் மஜீத் பிஷ்கரும் அலிகார் மாணவரே. 1985இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கில் சேர்ந்தபோது சிமாவுக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. 1987இல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். தடுப்பாட்டக்காரர்களைத் தோளால் ஒதுக்கிவிட்டுப் பாயும் அந்த உடல்வலுவை அதுவரை மைதான் அதிகம் கண்டதில்லை.

1991இல் நடந்ததுதான் என் பார்வையில் உண்மையான வரலாறு. 1889இல் தோன்றிய மோகன் பகான், 1911இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலப் படையணியை 2-1 என வென்ற கழகம். தேசியப் பெருமிதத்தின் சின்னமாகவே தன்னைக் கருதிக்கொண்டு, அயல்நாட்டவரைச் சேர்க்காமலே நூறாண்டு கடந்திருந்தது. அந்த வைராக்கியத்தை உடைத்தது சிமாவின் கால். வெள்ளையனை வென்ற கழகம், வெள்ளையனால் ஆளப்பட்ட இன்னொரு நாட்டின் பிள்ளைக்குக் கதவைத் திறந்தது. (இதை யாரும் அன்று இப்படி யோசித்திருக்க மாட்டார்கள், கோல்தான் வேண்டியிருந்தது.)

இடையில் இங்கிலாந்துக்குப் போய் கிரிம்ஸ்பி முதலிய சிறு கழகங்களில் ஆடிவிட்டு மீண்டும் மோகன் பகானுக்குத் திரும்பினார். 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்காகச் சால்ட் லேக் அரங்கில் கூடியவர்கள் 1.3 லட்சம் பேர். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. தோற்றவர்களின் அந்த ஒற்றை கோல் சிமாவினுடையது. அதே பருவத்தில் மோகன் பகான் தேசிய லீக்கை வென்று ஆறுதல் தேடிக்கொண்டது.

2017இல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் கும்பலால் அடிக்கப்பட்ட செய்தியைப் படித்தபோது சிமா நினைவுக்கு வந்தார். அவரும் இங்கே மாணவராக வந்தவர்தானே. மலப்புரத்தில் செவன்ஸ் ஆட வரும் ஆப்பிரிக்கர் எந்த நாட்டவரானாலும் ரசிகர்களுக்கு 'சுடானி'தான். 2018இல் வந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' என்ற மலையாளப் படம் அந்தப் பிழையைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. கொல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களின் ரசிகர்களும், வெவ்வேறு ஆண்டுகளில், சிமாவைச் சிமா என்றே கூவி அழைத்தார்கள்.