குடத்துல ஓலை, ஊருக்குத் தோட்டம்

படப்பைன்னா பழந்தமிழ்ல தோட்டம், கொல்லைன்னு அர்த்தம். ஒரகடம் ரோட்டுல கம்பெனி பஸ்ல போறவங்க பல பேருக்கு இது தெரிஞ்சிருக்காது.

சீட்டு எடுத்து அந்தக் காலத்துத் தோட்டம் போடுற விளையாட்டு ஒண்ணு இப்போ பட்டணத்துல இருக்காம். எங்க காஞ்சிபுரம் பக்கம் அது நெசமாவே நடந்தது. வாலாஜாபாத் தாண்டித் தெக்கே போனா உத்திரமேரூர். அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல, கி.பி. 921-ல முதலாம் பராந்தக சோழன் காலத்துல வெட்டின கல்வெட்டு இருக்கு.

ஊர்ல 30 குடும்பு. இப்போ வார்டுன்னு சொல்றோமே, அது மாதிரி. தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போடுவாங்க. விவரம் அறியாத சின்னப் பையன் ஒரு ஓலையை எடுப்பான். வாங்குறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். அப்போதான் ஓலையை மாத்த முடியாது. இப்படி வந்த 30 பேர்ல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பொறுப்பு 360 நாள். கணக்குக் காட்டாதவன் பேர் மறுபடி குடத்துக்குள்ள போகாது. அவன் சொந்தக்காரங்க பேரும்தான்.

பெருமை மட்டும் பேசக் கூடாதுங்க. அது பிராமணர் சபை. கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம், சொந்த மனையில வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேணும். பெண்கள் பேரும் கூலிக்கு உழுதவன் பேரும் ஓலையில ஏறலை. நிலம் இருந்தும் என் பேரும் ஏறியிருக்காது.

ஆனா ஏரிக்கு 6 பேருன்னா தோட்டத்துக்கு 12 பேரைப் போட்ட ஊர் அது. எங்க பக்கம் கொல்லையெல்லாம் கல்லு நட்டு பிளாட்டாகுது. மிச்சம் இருக்கிற தோப்புக்கும் ஏரிக்கும் வருஷா வருஷம் கணக்குக் கேக்க ஆள் வேணும். இந்தத் தடவை குடத்துல எல்லார் பேரையும் போடலாம்.