பின்மண்டையில் ஒரு காந்தம்

கண்ணுக்குள் வெளிச்சமே புகாதபோதும் ஒருவரை வெளிச்சத்தைக் காணச் செய்ய முடியும் என்பதை, 1896-இல் பாரிஸில் தார்சொன்வால் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் எடுத்துக்காட்டினார். மாறுதிசை மின்னோட்டம் பாயும் பெரிய கம்பிச்சுருளுக்குள் தலையை வைத்தவர்கள் தலைசுற்றலோடு ஒரு மினுமினுப்பையும் உணர்ந்தனர். 1910-இல் லண்டனில் சில்வேனஸ் தாம்சன் அதே மினுமினுப்பை மீண்டும் கண்டு பதிவுசெய்தார். ‘ஃபாஸ்பீன்’ என்று வழங்கும் இந்தப் பொய்யொளி மூளையில் பிறந்ததாகக் கருத இடமிருந்தாலும், விழியை அழுத்திப் பார்வையை மங்கச் செய்தால் இதுவும் மறைந்துவிடுகிறது என்பதை 1947-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே அன்றைய சுருள்கள் தூண்டியது விழித்திரையைத்தான். பார்வைக்குரிய மூளைப் பகுதியை அவை எட்டவில்லை.

காந்தத் துடிப்பு மூளையை எட்டியது 1985-இல். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய கருவியில், மின்தேக்கியில் சேமித்த மின்சாரம் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் கம்பிச்சுருள் வழியே பாய்ந்து, ஏறத்தாழ 2 டெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலத்தை எழுப்பியது. மண்டையோடு மின்சாரத்தைப் பெரிதும் தடுத்தாலும் காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. எனவே அப்புலம் தடையின்றி உள்ளே சென்று, தான் மாறும் வேகத்தால் மூளைத் திசுவில் மின்னோட்டத்தைத் தூண்டியது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இது. பார்க்கர் குழுவினர் முதலில் நாடியது கையை அசைக்கும் மூளைப் பகுதியை. பின்னர் அதே சுருள், பார்வைக்குரிய மூளைப் பகுதியான பார்வைப் புறணி அமைந்துள்ள பின்மண்டைக்கு நகர்ந்தது. வலப்பக்கம் தூண்டினால் பார்வைப் புலத்தின் இடப்பாதியில் ஒளிப்பொட்டு தோன்றும். சுருளை நகர்த்தினால் பொட்டும் இடம் மாறும்.

ஆயினும் ஒளியைத் தோற்றுவித்ததைவிட, கண்முன் இருப்பதை மறைத்ததாலேயே இந்தக் கருவி அறிவியலுக்கு அதிகம் பயன்பட்டது எனலாம். 1989-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் வாஹே அமாசியன் குழுவினர், மூன்று எழுத்துகளைக் கணநேரம் திரையில் காட்டிவிட்டு வெவ்வேறு இடைவெளிகளில் பின்மண்டையில் ஒரு காந்தத் துடிப்பைச் செலுத்தினர். துடிப்பு உடனே வந்தாலும் மிகத் தாமதமாக வந்தாலும் எழுத்துகளைப் பிழையின்றிச் சொன்னவர்கள், 80 முதல் 100 மில்லி விநாடி கழித்து வந்தபோது மட்டும் எதையும் சொல்ல இயலாமல் திகைத்தனர். விழித்திரை வேலை செய்தது, கவனமும் சிதறவில்லை. பார்வைப் புறணி எந்த நேரத்தில் இன்றியமையாதது என்பதே அங்கு அளக்கப்பட்டது. 1993-இல் அதே குழுவினர் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. முதலில் காட்டிய எழுத்துகளை அடுத்து வரும் எழுத்துகள் மறைத்துவிடும் வகையில் அமைத்து, இரண்டாம் தொகுதி மூளையில் பதியும் வேளையில் துடிப்பைச் செலுத்தியபோது, இரண்டாவது அழிந்தது. அது மறைத்திருந்த முதலாவது பார்வைக்கு மீண்டது. பார்வையைக் கெடுப்பதாகக் கருதப்பட்ட கருவியே இழந்த காட்சியை மீட்டுத் தந்தது.

துடிப்பின்போது நரம்பணுக்களில் என்ன நிகழ்கிறது என்பதை மனிதர்களிடம் நேரடியாக அளப்பது எளிதன்று. பூனைகளின் பார்வைப் புறணியில் மின்முனைகளைப் பதித்து நடத்திய ஆய்வை, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ரால்ஃப் ஃப்ரீமன் குழுவினர் 2007-இல் வெளியிட்டனர். தொடர் துடிப்புகளுக்குப் பின் நரம்பணுக்கள் ஓயவில்லை. காட்சி எதுவும் இல்லாதபோது அவை தாமாக எழுப்பும் துடிப்புகள் சிறிது நேரம் பெருகின, காட்சிக்கு அவை தரும் மறுமொழியோ சில நிமிடங்கள் வரை தாழ்ந்தே இருந்தது. காந்தம் மூளையின் ஒரு பகுதியை ‘அணைத்துவிடுகிறது’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது, ஆகவே, பாதி உண்மையே.