லெஸ், ஃபியூவர்
இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் பொருள் "குறைவான" என்பதே. எண்ணக்கூடியவற்றுக்கு ஃபியூவர் (ஃபியூவர் புக்ஸ்), அளக்கக்கூடியவற்றுக்கு லெஸ் (லெஸ் வாட்டர்) என்பது பள்ளிப் பாடம். தண்ணீரானாலும் புத்தகமானாலும் தமிழில் "குறைவு" ஒன்றே போதும். நம் மாணவர்கள் தடுமாறுவது அதனால்தான். பணம், தூரம், காலம் எண்ணோடு வந்தாலும் மொத்த அளவாகவே கொள்ளப்படுவதால் லெஸ் வரும்: லெஸ் தேன் ஃபைவ் மைல்ஸ்.

இவ்விதி அவ்வளவு பழையதன்று. 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மன்னரின் எழுத்திலேயே சொற்களின் எண்ணிக்கையைக் குறிக்க லெஸ்ஸின் பழைய வடிவம் வருகிறது. 1770இல் ஆங்கில மொழிப் பயன்பாடு பற்றி எழுதிய ராபர்ட் பேக்கர் ஃபியூவரே நயமானது என்று தம் விருப்பத்தைத்தான் எழுதினார். பின்வந்தோர் அதைச் சட்டமாக்கினர். ஆகவே பேச்சில் லெஸ் புக்ஸ் என்பவரைப் படிக்காதவராக எண்ணுவது நியாயமன்று. தேர்விலும் அலுவல் கடிதத்திலும் ஃபியூவரே பாதுகாப்பு. பிரிட்டனில் டெஸ்கோ கடைகள் 2008இல் விரைவு கவுன்டர் பலகையை "அப் டு 10 ஐட்டம்ஸ்" என மாற்றி, இரண்டு சொற்களையுமே தவிர்த்தன.