சுவாஹிலி எழுத்து மாறிய கதை

சுவாஹிலி மொழியைக் கற்கத் தொடங்குபவருக்கு முதல் நாளிலேயே ஒரு நிம்மதி கிடைக்கும். உரோமன் எழுத்தில் எழுதியிருப்பதை எழுதியவாறே ஒலித்தால் போதும். உயிரொலிகள் அ, எ, இ, ஒ, உ என ஐந்தே. வீட்டுக்கு ‘ஞும்பா’ என்றும் மாட்டுக்கு ‘ஙோம்பே’ என்றும் பெயர். சொல்லின் முதலில் ஙகரத்தை ஒலிக்க ஆங்கிலேயர் திணறுவர். அரிச்சுவடியில் ஙகரத்தைத் தனியே ஒலித்துப் பழகிய நமக்கு அது பெரிய பாடன்று. சொல்லழுத்தம் பெரும்பாலும் ஈற்றசைக்கு முந்திய அசையில் விழும்.

இந்த எளிமை தானாக அமைந்ததன்று. கிழக்கு ஆபிரிக்கக் கரையோர மக்கள் நெடுங்காலம் தம் மொழியை அரபு எழுத்திலேயே எழுதி வந்தனர். கில்வாவிலிருந்து 1711ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசருக்கு அவ்வாறு எழுதப்பட்ட கடிதங்கள் கோவா ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ‘தம்புக்கா’ காவியத்தின் காலம் 1728.

அரபு எழுத்தில் இடர்ப்பாடு இருந்தது உண்மையே. எகரத்தையும் இகரத்தையும் ஒரே குறி தாங்கியது. ஒகரமும் உகரமும் அவ்வாறே. ஒரே எழுத்தை இடமறிந்து வெவ்வேறு உதட்டொலிகளாக வாசிக்கவேண்டியிருந்தது. (தமிழில் நமது பகரமும் இடத்துக்கேற்ப இரண்டு விதமாக ஒலிப்பதுதானே!) ஆனால் இக்குறையைத் தீர்க்க எழுத்தையே கைவிடவேண்டியதில்லை. இலங்கையிலும் தமிழகத்திலும் முஸ்லிம்கள் புதிய புள்ளிகளிட்டு அரபுத் தமிழை வளர்த்தனர். மொம்பாசாவிலும் ஷேக் அல்-அமீன் மஸ்ருயி அத்தகைய சீர்திருத்தத்தை முயன்றார். 1930இல் அவர் தொடங்கிய ‘ஸஹீஃபா’ என்ற சிறு பத்திரிகை அரபு எழுத்துச் சுவாஹிலியில் வெளிவந்தது.

அதற்குள் காலம் கடந்திருந்தது. 1844இல் மொம்பாசா வந்த ஜேர்மன் மிஷனரி கிராப் உரோமன் எழுத்தையே தெரிந்துகொண்டார். அரபு எழுத்து இஸ்லாம் பரவ வழிசெய்யும் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். சன்சிபாரில் இருந்த அங்கிலிக்கன் மதகுரு ஸ்டியர், உயிரெழுத்துகளை இத்தாலியிலிருப்பது போலவும் மெய்யெழுத்துகளை ஆங்கிலத்திலிருப்பது போலவும் ஒலிக்கும் முறையைத் தம் 1870ஆம் ஆண்டுக் கைந்நூலில் நிலைநாட்டினார். சில எழுத்துகளே போதுமென்றால் அச்சுக்கோப்பாளருக்கும் மகிழ்ச்சிதான். பத்திரிகை அலுவலகத்தில் காலங் கழித்தவர்களுக்கு இது விளங்கும்.

1928இல் மொம்பாசாவில் கூடிய மாநாடு சன்சிபார் வழக்கையே பொதுமொழிக்கு அடிப்படையாக ஏற்றது. மொம்பாசா வழக்குக்காக வாதாடிய மிஷனரிமார் தோற்றனர். மாநாடு நடந்த ஊரின் பேச்சே அங்கு தள்ளிவைக்கப்பட்டது.

மொம்பாசா வழக்கில் பல்லில் நா பட எழும் தகரம் வேறு, மேலண்ணத்தின் முற்பகுதியில் எழும் தகரம் வேறு. தகர டகர வேறுபாட்டில் ஊறிய தமிழர் இதன் அருமையை அறிவர். மூச்சை ஓங்கி ஒலிக்கும் பகரமும் ஓங்காத பகரமும் அங்கே பொருளையே மாற்றும். பொது எழுத்து இவற்றுக்கு இடமளிக்கவில்லை. மொம்பாசாப் புலவர் முயாகா பின் ஹாஜியின் கவிதைகளை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முவாலிமு சிகுஜுவா என்ற உள்ளூர் அறிஞரின் துணையுடன் திரட்டிய டெய்லர் பாதிரியார், இந்நுட்பங்களுக்குத் தனிக் குறிகள் இட்டுப் பார்த்தார். அக்குறிகள் பாடசாலைப் புத்தகங்களை எட்டவில்லை. மொம்பாசாக்காரர் ‘பா’ என்று மென்மையாகச் சொன்னால் கூரை. மூச்சை ஓங்கிச் சொன்னால் மான். இன்றைய அகராதியில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான்.