உயிர்மீட்பு மார்புத் திறப்பு

காயம்பட்டவரின் இதயம் நின்றுபோன நிலையிலோ நிற்கும் தறுவாயிலோ, அவசரப் பிரிவிலேயே நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவை. மருத்துவர்கள் ‘எமர்ஜென்சி தொராக்காட்டமி’ என்பார்கள். கத்திக்குத்து, மாட்டுக்கொம்புக் குத்து போன்ற ஊடுருவிய காயங்களில்தான் இதற்குப் பலன் அதிகம். இதய உறைக்குள் இரத்தம் தேங்கி நெரிக்கும்போது வெளியிலிருந்து மார்பை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. நிரம்பவே இடமில்லாத இதயம் எதை இறைக்கும்?

இடது முலைக்காம்புக்குக் கீழே, நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளியில், மார்பெலும்பின் ஓரத்திலிருந்து அக்குள் பக்கம் வரை ஒரே வீச்சில் கீறி, விரிப்பானால் விலாக்களை விலக்குவார்கள். இதய உறையை நெடுக்காக வெட்டவேண்டும்; குறுக்கே போனால் அதன் பக்கவாட்டில் இறங்கும் உதரவிதான நரம்பு அறுபடும். உறைந்த இரத்தத்தை வழித்தெடுத்ததும் இதயத்தின் ஓட்டையை முதலில் அடைப்பது விரல்தான், தையல் பிறகு. கீழிறங்கும் பெருந்தமனியைக் கவ்வி மூடினால் எஞ்சிய இரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் போகும். துடிப்பு வராவிட்டால் இதயத்தை இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்துப் பிசைவார்கள்.

குத்துப்பட்ட இதயத்தைத் தைத்துப் பிழைக்கவைக்கலாம் என்று 1896-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் லூட்விக் ரேன் காட்டினார். ஆனால் அடிபட்டு நசுங்கிய காயங்களில் இன்றும் நூற்றுக்கு ஓரிருவர்தான் மீள்கிறார்கள். குத்துக்காயத்தில் மார்பழுத்தம் தொடங்கி 15 நிமிடம், மோதல் காயத்தில் 10 நிமிடம் கடந்தும் உயிர்க்குறி இல்லையென்றால் திறக்கவேண்டாம் என்பது பரவலான வழிகாட்டுதல்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் காட்டில் இந்தக் கணக்கு கடுமையானது. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் சுமார் 15 கி.மீ.; அங்கிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு ஏறக்குறைய 50. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறந்தபின் தூரம் ஓரளவு குறைந்தது. மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் வாகனம் மோதி விழுபவருக்கு ஏற்படுவதோ பெரும்பாலும் நசுங்கிய காயம். எனவே மருத்துவமனை வாசலைத் தாண்டியபின் துடிப்பு நிற்பவருக்கே, அதுவும் அறுவை மருத்துவரும் இரத்தமும் தயாராக இருந்தால்தான், இங்கே இந்த அறுவை பொருந்தும். தைக்க ஆளில்லாத இடத்தில் நெஞ்சைத் திறப்பது வெறும் கீறல்.

ஆகவே அதற்கு முந்தைய வேலைகளே இங்கு பெரிது: 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸ், இரத்தப்போக்கை அழுத்திப் பிடிப்பது, மார்புக்குள் சேர்ந்த இரத்தத்தையும் காற்றையும் குழாய் போட்டு வடிப்பது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சாலை விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. நெஞ்சில் செருகி நிற்கும் கத்தியை வழியில் பிடுங்கக்கூடாது; அசையாமல் கட்டி அப்படியே கொண்டுவர வேண்டும், எடுப்பது அறுவை அரங்கில்தான்.